கேஸை நாங்களே ராஜி பண்ணிக்கொண்டோம், வக்கீல் ஃபீஸ் என்ன ஆச்சு? கும்பகோணத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ் அனுபவம்

ஓட்டலுக்கு எழுதுகிறோம், புடவைக்கடைக்கு எழுதுகிறோம், பல் டாக்டருக்குக்கூட எழுதுகிறோம், வக்கீலுக்கு மட்டும் யாரும் ரிவ்யூ எழுதுவதில்லை. எழுதினாலும் கேஸ் தோற்றவர்கள் கோபத்தில் எழுதுவதாகத்தான் இருக்கும். நான் தோற்கவில்லை, ஜெயித்தேன் என்றும் சொல்ல முடியாது, பாதியில் ராஜி ஆனவள். பெயர் போட மாட்டேன். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது, நான் புகழ்ந்து எழுதி அவருக்குத் தலைவலி வர வேண்டாம். கும்பகோணம் கோர்ட்டுக்கு நடந்து போகிற தூரம், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ஆபீஸ், ஏறும்போது தலையை இடிக்கிற மாடிப்படி. இந்த அடையாளம் பத்து ஆபீசுக்குப் பொருந்தும் என்று தெரியும், இருக்கட்டும்.

கேஸ் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்பா பாத்திரக்கடை வைத்துச் சம்பாதித்து வாங்கிய வீடு மேலக்காவேரியில் இருக்கிறது. அம்மா முன்பே போய்விட்டார், அப்பா உயில் எதுவும் எழுதாமல் போனார். அண்ணன், தம்பி, நான், மூன்று பேர். நான் கல்யாணமாகி மன்னார்குடியில் இருக்கிறேன். பாகம் கேட்டதற்கு மூன்று லட்சம் ரூபாயும் ஒரு பட்டுப்புடவையும் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் புடவைதான் என்னைக் கோர்ட்டுக்கு அனுப்பியது என்று இப்போதும் சொல்வேன்.

முதல் நாள் போனபோது வக்கீல் எனக்கு ஒரு விஷயம் சொன்னார், அதுவரை யாரும் சொன்னதில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு என்று 1956 வாரிசுச் சட்டத்திலேயே இருக்கிறதாம். ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஒரு முட்டுக்கட்டை போட்டு வைத்திருந்தார்கள்: குடும்பத்தார் குடியிருக்கிற வீடு என்றால், ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்கிற வரை பெண் வாரிசு பாகப்பிரிவினை கேட்க முடியாது. 2005-ல் திருத்தம் வந்தபோதுதான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். "நீங்க இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தா உங்க அண்ணன் சிரிச்சிருப்பாரு, இப்ப சிரிக்க முடியாதும்மா" என்றார்.

ஃபீஸ் பேச்சுக்கு வருகிறேன், இந்த ரிவ்யூவே அதைப் பற்றித்தான். என் நாத்தனார் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அங்கே விபத்து கேஸில் எல்லாம் வக்கீலுக்கு முன்பணம் கிடையாது, கிடைக்கிறதில் மூன்றில் ஒரு பங்கு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தான். அதை நினைத்துக்கொண்டு, "வர்றதுல இத்தனை பர்சென்ட்னு பேசிக்கலாமா சார்?" என்று கேட்டேன். உடனே கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார். இங்கே அது கூடாதாம். கேஸின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. தெலங்கானாவில் கணவனை விபத்தில் இழந்த ஒரு பெண்ணிடம் நஷ்ட ஈட்டில் சதவீதம் கேட்டு, அவர் கொடுத்த செக்கை வைத்து வழக்கும் போட்ட வக்கீல் விவகாரத்தில், அந்த மாதிரி ஒப்பந்தமே செல்லாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி வழக்கை ரத்து செய்தது. நம் பக்கத்தில் விபத்து கேஸ்களில் "வர்றதுல இத்தனை" என்று பேசுவது நடக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும், நான் அதற்குள் போகவில்லை.

பிறகு லெட்டர் பேடில் அவர் கைப்படவே எழுதினார். மொத்தம் 60,000, நாலு தவணை: பிராது தாக்கல் ஆனதும் 15,000, இடைக்காலத் தடை மனு முடிந்ததும் 15,000, சாட்சி விசாரணைக்கு 15,000, வாதம் முடிந்து தீர்ப்பு வரும்போது 15,000. கோர்ட் ஃபீ தனி. என்னைச் சொத்தை அனுபவிக்க விடாமல் வெளியே வைத்திருந்ததால் என் பாகத்தின் மார்க்கெட் மதிப்பில் நூற்றுக்கு மூன்று ரூபாய் கட்ட வேண்டும். என் பாகம் 18 லட்சம், ஆக 54,000. வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

அந்தத் தாளை நான் அன்றைக்கு ஒழுங்காகப் படிக்கவில்லை, மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். இடைக்காலத் தடை என்பதற்கு எதற்குத் தனியாக 15,000 என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் கேஸே அங்கேதான் திரும்பியது. அவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், அண்ணனும் தம்பியும் வேறொருவருக்கு வீட்டை விற்க அக்ரிமெண்ட் பதிவு செய்து முன்பணமும் வாங்கியிருந்தது தெரிந்தது. அதைக் காட்டி, கேஸ் முடிகிற வரை வீட்டை விற்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டார். அக்ரிமெண்ட் போட்டவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அண்ணன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார ஆரம்பித்தார். அதுவரை நான் போன் பண்ணினால் எடுக்காத அண்ணன், அந்த மாதம்தான் முதன்முதலாகத் தானாகக் கூப்பிட்டு "பாப்பா, சௌக்கியமா?" என்றது.

அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம். நீடாமங்கலம் ரயில்வே கேட் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்தரைக்குக் கோர்ட்டில் இருக்க ஏழரைக்கே பஸ் ஏறி, கேட்டில் மாட்டி, ஓடிப் போய் நின்றால் "அடுத்த மாசம் பதினெட்டு" என்பார்கள். ஒன்றரை வருடம் இப்படி. வக்கீலுக்கு 20,000 கொடுத்திருந்தேன், 10,000 பாக்கி இருந்தது, அவர் கேட்கவில்லை, குமாஸ்தாதான் இரண்டு தடவை கேட்டார்.

இந்த நேரத்தில்தான் மாயவரத்தில் ஒன்றுவிட்ட அக்கா பெண் கல்யாணம். பந்தியில் அண்ணன் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தது. ரசம் வரும்போது பேச்சை எடுத்தது. "நமக்குள்ள எதுக்கு பாப்பா கோர்ட்டு? பதினஞ்சு லட்சத்து அறுபதாயிரம் தர்றேன். வக்கீலுக்கு இன்னும் எவ்வளவு தரணும்?" நான் யோசிக்காமல் நாற்பதாயிரம் என்றேன். "அந்த நாற்பதையும் உனக்கே சேர்த்துத் தர்றேன், ரவுண்டா பதினாறு. அந்தாளுக்கு எதுக்குக் கொடுக்கற?"

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொல்கிறேன், பாயசம் சாப்பிடும்போது நாற்பதாயிரம் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில்தான் இருந்தேன். அடுத்த வாரம் அண்ணன் வீட்டிலேயே 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒரு லட்சம் கையில் கொடுத்தது. மீதி வீடு கிரயம் ஆனதும். "நீ வாய்தாவுக்குப் போகாம விட்டுடு, கேஸ் தானா தள்ளுபடி ஆயிடும், வக்கீல்கிட்ட சொல்லிக்கிட்டுக்கூட இருக்க வேணாம்."

மூன்று வாரம் குமாஸ்தாவின் போனை எடுக்கவில்லை. பேரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைப்பேன். வாட்ஸ்அப்பில் அடுத்த வாய்தா தேதி வந்தது, நீல டிக் விழக் கூடாது என்று அதையும் திறக்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சத்தம் போட்டார்: "மீதி பதினஞ்சு லட்சம் வரலன்னா எந்த மூஞ்சியோட அவர்கிட்ட போவ?" சரி என்று வாய்தாவுக்கு நாலு நாள் முன்னால் போனேன்.

அவருக்கு ஏற்கெனவே தெரியும். எதிர்த்தரப்பு வக்கீலே டீ குடிக்கும்போது சொல்லிவிட்டாராம், கும்பகோணம் அவ்வளவு சின்ன ஊர். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். "பணம் கைக்கு வந்துடுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஒரு லட்சம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கேஸ் கட்சிக்காரருடையது, எதிராளியோடு பேசி முடித்துக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு, அவருடைய சம்மதம் தேவையே இல்லை, ஃபீஸ் பாக்கி என்று சொல்லி ராஜியைத் தடுக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் ஆஜராகாமல் விட்டுத் தள்ளுபடி ஆனால் தடையும் அதோடு போகும், அண்ணன் மறுநாளே கிரயம் செய்யலாம், நான் அந்த 20 ரூபாய் பத்திரத்தை வைத்துக்கொண்டு பதினைந்து லட்சத்துக்குப் புதிதாக அலைய வேண்டும். ராஜி என்றால் எழுத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 23 விதி 3-ன்படி கோர்ட்டில் தாக்கல் செய்து டிகிரியாக, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணையாக, வாங்க வேண்டும். அப்புறம் இன்னொன்று சொன்னார், அதைக் கேட்டு நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்: கட்டிய கோர்ட் ஃபீயைத் திருப்பி வாங்கலாம். தமிழ்நாடு கோர்ட் ஃபீ சட்டத்தில் 69-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கோர்ட்டே சமரசத்துக்கு அனுப்பி முடிந்தால்தான் அது பொருந்துமா, தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் பொருந்துமா என்ற சண்டை சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி வரை போய், தாங்களாகப் பேசி முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. என் 54,000. அண்ணன் பேச்சைக் கேட்டு நாற்பதை மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பத்துநாலை விட்டிருப்பேன்.

சரி, இப்போது பணம். நான்தான் ஆரம்பித்தேன், அசட்டுத்தனமாக. "கேஸ்தான் நடக்கவே இல்லையே சார், மீதி எல்லாம் கொடுக்கணுமா?" அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய் பீரோவிலிருந்து என் கேஸ் கட்டை எடுத்து வந்தார். பழுப்புக் காகித அட்டை, வெள்ளை நாடா, மேலே சிவப்பு மையில் வழக்கு எண். நாடாவை அவிழ்த்து முதலில் என்னுடைய அசல்களை எடுத்து என் பக்கம் தள்ளினார்: அப்பா வாங்கிய கிரயப் பத்திரம், மூலைகள் உதிர்ந்தது, அம்மாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. "கோர்ட்ல போட்டது போக மிச்சம் இதுதான். எண்ணிப் பாத்து இந்த நோட்டுல கையெழுத்துப் போடுங்க. கணக்கு அப்புறம் பேசலாம்."

இந்த இடத்தில்தான் நான் அவரை மனசுக்குள் ஐந்து ஸ்டாருக்கு ஏற்றினேன். எங்கள் தெருவில் ஒருவர் வேறு ஊர் வக்கீலிடம் மாட்டிக்கொண்டு, ஃபீஸ் பாக்கிக்காகப் பத்திரக் கட்டையே தர மாட்டேன் என்று அவர் எட்டு மாதம் இழுத்தடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அப்படிப் பிடித்து வைக்கிற உரிமை வக்கீலுக்குக் கிடையாது, 2000-லேயே உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது, அதுவும் ஒரு கூட்டுறவு வங்கியின் கட்டுகளை ஃபீஸ் பாக்கிக்காக வைத்துக்கொண்ட வக்கீலின் கதைதான் என்றார். பாக்கி வேண்டுமென்றால் வழக்குப் போட்டு வாங்கலாம், அதற்கு 1926-லிருந்தே வக்கீல் ஃபீஸ் சட்டம் இருக்கிறது. "ஆனா கட்சிக்காரர் மேல கேஸ் போட்ட வக்கீல்னு ஊர்ல பேர் எடுத்தா அடுத்த கட்சிக்காரர் எப்படிம்மா இந்தப் படி ஏறுவாரு?"

அப்புறம் டைரியைத் திறந்தார். என் கேஸுக்கு மட்டும் 17 வாய்தா. நான் போனது ஒன்பதோ பத்தோ. மற்ற நாளெல்லாம் அவர் மட்டும் நின்றிருக்கிறார். ஒரு தேதியில் 'மழை, கட்சிக்காரர் வரவில்லை, எதிருரை நகல் பெறப்பட்டது' என்று எழுதியிருந்தது. அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, பஸ்ஸே ஓடவில்லை, நான் வீட்டில் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். கேஸ் நடக்கவில்லை என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

கணக்கு இப்படி எழுதினார். தாக்கல் 15,000, தடை 15,000, இரண்டும் முழுசாக முடிந்தது. சாட்சி விசாரணை நடக்கவில்லை, ஆனால் எனக்காக நிரூபண வாக்குமூலம், அதாவது நான் சொல்ல வேண்டிய சாட்சியத்தின் எழுத்து வடிவம், தயாராகி டைப் ஆகியிருந்தது, அதற்கு 5,000. ராஜி மனு எழுதித் தாக்கல் செய்து கோர்ட் ஃபீ திரும்ப வாங்க மனுவும் போடுவதற்கு 5,000. மொத்தம் 40,000, கொடுத்தது 20,000, பாக்கி 20,000. வாதத்துக்கான கடைசித் தவணை அடித்துவிடப்பட்டது. "செய்யாத வேலைக்கு வேண்டாம்மா."

இங்கே எனக்குக் கொஞ்சம் கருத்து இருக்கிறது. ராஜியானாலும் பேசிய ஃபீஸ் முழுசும் வந்தாக வேண்டும், கட்சிக்காரர் பாதியில் இறங்கினால் அது வக்கீல் தப்பா என்று சொல்கிற வக்கீல்களும் உண்டாம், அவரே சொன்னார். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத் தஞ்சாவூரில் இறங்கினால் மீதிக் காசு தருவதில்லைதான், ஆனால் அது பஸ். நம் பக்கத்தில் ஆட்கள் செய்கிற தப்பு அதற்கு நேர் எதிர்: ராஜி ஆனதும் வக்கீல் ஏதோ சும்மா இருந்த மாதிரியும், தாங்களே சாமர்த்தியமாகப் பேசி முடித்த மாதிரியும் நினைப்பது. மூன்று லட்சமும் புடவையும் எப்படிப் பதினாறு லட்சம் ஆனது? என் அண்ணனுக்குத் திடீரென்று பாசம் வந்ததாலா? தடை உத்தரவு ஒன்று அந்தப் பந்தியில் எங்கள் இரண்டு இலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அந்த 'ரவுண்டா பதினாறு'க்காக அண்ணன் சேர்த்துத் தந்த நாற்பதாயிரம் வக்கீலுக்குப் போக வேண்டிய கணக்கு, அதை எனக்கென்று சொல்லிக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆனது.

இருபதையும் கொடுத்தேன். ஒரே தடவையில் இல்லை, பத்து அன்றைக்கு, பத்து டிகிரி ஆன அன்றைக்கு. அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். பதினைந்து லட்சத்துக்கும் டிடி. அதை வாங்கிப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகுதான் வக்கீல் தலையசைத்தார், தடையும் அப்போதுதான் விலகியது. வெளியே வந்து அண்ணன் காபி வாங்கிக் கொடுத்தது. "எவ்வளவு கொடுத்த அந்தாளுக்கு?" என்று கேட்டது. சொன்னேன். "ஏமாத்திட்டான்" என்றது. காபி நன்றாகத்தான் இருந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஆறுக்கு வரச் சொன்னால் எட்டுக்குத்தான் பார்க்க முடியும், வரிசை என்று ஒன்று கிடையாது, கறுப்புக் கார் வைத்திருப்பவர் வந்தால் நேராக உள்ளே போகிறார். பணம் கொடுத்தால் ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேட்பதற்குள் குமாஸ்தா முகத்தைச் சுளிக்கிறார். டைப்பிங், ஜெராக்ஸ், வக்காலத்தில் ஒட்டுகிற வெல்ஃபேர் ஸ்டாம்ப், அது இது என்று குமாஸ்தா அவ்வப்போது வாங்கிய சில்லறைச் செலவுக்குக் கணக்கே இல்லை, கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்துக்கு மேல் போயிருக்கும். வக்கீலிடம் சொன்னேன், "பாக்கறேன்" என்றார், பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு ஸ்டார் இதற்காகவே குறைக்கிறேன், ஐந்துக்கு நாலு. என் வீட்டுக்காரர் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் கோர்ட்டுக்கே போகலாமே என்று விளையாட்டாகச் சொன்னார். அதற்கும் வழியில்லை, வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படி எழுதி ஆற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இவரிடமோ வேறு யாரிடமோ போகிறவர்கள் ஃபீஸை மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாக எழுதி வாங்குங்கள், நடுவில் ராஜி ஆனால் என்ன கணக்கு என்று ஒரு வரியையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். என் தாளில் அந்த வரி இல்லை, அவர் நல்லவராக இருந்ததால் தப்பித்தேன்.

கோர்ட் ஃபீ 54,000 இன்னும் வரவில்லை. மனு உத்தரவாகிவிட்டது, பணம் வர நாளாகும், வந்தால் போன் பண்ணுகிறேன் என்று குமாஸ்தா சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை எடுப்பேன்.